பாதி கழன்ற எலும்புத் துண்டு: 19 வயது இளைஞரின் முழங்கால் சீரமைப்பு

முழங்கால் குருத்தெலும்பில் குழி விழுந்திருப்பதைப் படத்தில் பார்த்தவுடன், அதை எதைக் கொண்டு அடைப்பது என்றுதான் நோயாளியும் கேட்கிறார், இளம் மருத்துவர்களும் கேட்கிறார்கள். அந்தக் கேள்வி கடைசியில் வர வேண்டியது என்பது என் உறுதியான எண்ணம். காலின் அச்சு எங்கே விழுகிறது, குழிக்கு அடியில் இருக்கும் எலும்பு உயிரோடு இருக்கிறதா என்ற இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகே குருத்தெலும்பைத் தொட வேண்டும். ஆஸ்டியோகான்ட்ரைடிஸ் டிஸெகன்ஸ், அதாவது குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பு நலிந்து துண்டாகக் கழலும் நோய் வந்த ஒரே முழங்காலில் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க நேர்ந்ததால் இதை விரிவாக எழுதுகிறேன். நோயாளியின் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

வந்தபோது இருந்த நிலை

19 வயது மாணவர், கால்பந்து ஆடுபவர். வலது முழங்காலில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக வலி. விழுந்த நினைவோ அடிபட்ட நினைவோ இல்லை. வலிக்கும் இடத்தை ஒரு விரலால் காட்டச் சொன்னபோது, உள்ளங்கையால் முன்பக்கம் முழுவதையும் தடவிக் காட்டினார். ஆடிய மறுநாள் வீங்கும், ஓய்வெடுத்தால் வடியும், மறுபடி ஆடினால் மறுபடி வீங்கும். தொடக்கத்தில் எடுத்த எக்ஸ்-ரே இயல்பாக இருப்பதாகச் சொல்லப்பட்டதால் வலி மாத்திரையிலும் முழங்கால் பட்டையிலும் காலம் போயிருக்கிறது. எங்களிடம் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் கதை மாறியது. மடக்கிய காலை நீட்டும்போது உள்ளே ஏதோ சிக்கிக்கொண்டது. காலை அசைத்து அசைத்து விடுவித்த பிறகே நிற்க முடிந்தது.

பரிசோதனையில் மூட்டுக்குள் மிதமான நீர்க்கோர்வை. தொடைத் தசை வலது பக்கம் கண்ணுக்கே தெரியும்படி மெலிந்திருந்தது. முழுதாக நீட்டுவதில் 5 டிகிரி குறைவு. எலும்புகளைப் பிணைக்கும் லிகமென்ட்கள் உறுதியாக இருந்தன. முழங்காலை மடக்கி, பாதத்தை உட்பக்கம் திருப்பி மெல்ல நீட்டியபோது வலித்தது, வெளிப்பக்கம் திருப்பியதும் குறைந்தது. வில்சன் சோதனை என்று பெயர் பெற்ற இதில் வலி வராவிட்டாலும் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதை மட்டும் நம்பக் கூடாது. நிற்க வைத்துப் பார்த்தபோது இரண்டு கால்களுமே சற்று வில்லாக வளைந்திருந்தன, வலது கால் கூடுதலாக.

அவர் கொண்டுவந்த பழைய எக்ஸ்-ரே காலை நேராக நீட்டி முன்பக்கமாக எடுத்த படம். அதில் உண்மையிலேயே பெரிதாக எதுவும் தெரியவில்லை. காரணம் எளிது. இந்த நோய் பெரும்பாலும் தாக்குவது தொடை எலும்பின் கீழ்முனையில் உள்ள இரண்டு உருண்டைகளில் உட்பக்கத்து உருண்டையை, அதாவது உள் கான்டைலை. அதிலும் நடுப்பள்ளத்தை ஒட்டிய, சற்றுப் பின்னால் தள்ளிய பகுதியை. கால் நீட்டியிருக்கையில் அந்த இடம் நேர்ப்படத்தில் சரியாக விழாது. முழங்காலை மடக்கி நடுப்பள்ளத்தை ஊடுருவிப் பார்க்கும் 'டனல்' படத்தில் அது பளிச்சென்று தெரியும். இவருக்கும் அப்படித்தான். வளரும் பருவத்தில், அடிபடாமலே திரும்பத் திரும்ப வீங்கும் முழங்காலுக்கு இந்த ஒரு படத்தைக் கூடுதலாக எடுக்காமல் 'இயல்பு' என்று யாரும் எழுதக் கூடாது. இரண்டு கால்களிலும் இந்நோய் வருவது அரிதல்ல என்பதால் இடது முழங்காலுக்கும் எடுத்தோம். அது நன்றாக இருந்தது.

எம்.ஆர்.ஐ. படத்தில் உள் கான்டைலில் 26 மி.மீ. நீளம், 18 மி.மீ. அகலத்துக்கு ஒரு துண்டு தனியாகத் தெரிந்தது. அதற்கும் தாய் எலும்புக்கும் நடுவே நீர் ஓடும் வெள்ளைக் கோடு, கோட்டுக்கு அடியில் சிறு நீர்ப்பைகள். ஆழம் 9 மி.மீ. மேலேயுள்ள குருத்தெலும்பு முன்விளிம்பில் பிளந்திருந்தது. இது ஆஸ்டியோகான்ட்ரைடிஸ் டிஸெகன்ஸ். அதிலும் துண்டு நிலைகுலைந்த கட்டம்.

இது என்ன நோய்

முழங்காலின் வழுவழுப்பான குருத்தெலும்பு 2 முதல் 4 மி.மீ. தடிமன் கொண்டது. அதில் ரத்தக் குழாயும் நரம்பும் கிடையாது. எடையில் முக்கால் பங்குவரை நீர். அதைப் பராமரிக்கும் செல்கள் மிகக் குறைவு, அவையும் தத்தம் இடத்தைவிட்டு நகராதவை. அதனால் காயம் ஆறும் வழக்கமான வழிகள் எதுவும் அதற்கு இல்லை. ஒருமுறை அழிந்த குருத்தெலும்பு மீள்வதில்லை என்று ஸ்காட்லாந்து உடற்கூறியலாளர் வில்லியம் ஹண்டர் 1743-ல் எழுதியது இன்றுவரை பெருமளவு உண்மை.

ஆனால் இந்த நோயில் முதலில் கெடுவது குருத்தெலும்பு அல்ல. அதற்கு நேர் அடியில் உள்ள எலும்பு ரத்த ஓட்டம் குன்றி நலிகிறது. மீண்டும் மீண்டும் விழும் சுமையும் சேர்ந்து அதைத் தாய் எலும்பிலிருந்து பிரிக்கிறது. அடிமண் கரைந்த தரையில் பதித்த கல்லைப் போல, மேலே குருத்தெலும்பு கொஞ்ச காலம் முழுதாகவே தெரியும். பிறகு விளிம்பில் விரிசல் விடும். 1887-ல் இதைத் தனி நோயாக விவரித்த ஜெர்மன் அறுவை மருத்துவர் ஃபிரான்ஸ் கோனிக் அழற்சிதான் காரணம் என்று ஊகித்தார். பின்னால் வந்த திசு ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. திரும்பத் திரும்பப் படும் நுண்காயம், ரத்த ஓட்டக் குறைவு, மரபு என்று பல இழைகள் பேசப்படுகின்றன.

எலும்பின் வளர்ச்சித் தட்டு மூடாத சிறுவர்களுக்கு, துண்டு அசையாமல் இருந்தால், ஆட்டத்தை நிறுத்தி சில மாதங்கள் சுமையைக் குறைத்தாலே பலருக்கு எலும்பு தானாகக் கூடிவிடும். இவருக்கு அந்த வாய்ப்பு கடந்துவிட்டது. வளர்ச்சித் தட்டு மூடியாயிற்று, துண்டும் ஆடுகிறது. குளுக்கோசமைன் மாத்திரையும் மூட்டுக்குள் போடும் ஊசிகளும் கழன்ற எலும்பை ஒட்டவைக்காது. அவற்றில் இன்னும் சில மாதங்களைச் செலவிட்டிருந்தால், காப்பாற்றக்கூடிய துண்டும் சிதைந்திருக்கும்.

வழிகளை எடைபோட்டது

"அந்தத் துண்டை எடுத்துப் போட்டுட்டா வலி போயிடும்ல, டாக்டர்?" என்று அவருடைய தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. போய்விடும், கொஞ்ச காலத்துக்கு. சிக்குவதும் வீங்குவதும் உடனே குறையும். ஆனால் உடல் எடை முழுவதும் ஒவ்வோர் அடியிலும் இறங்கும் இடத்தில் பெரிய பள்ளத்தை விட்டுவிட்டு 19 வயதில் ஒருவரை அனுப்பினால், நடுவயதுக்கு முன்பே மூட்டுத் தேய்மானத்தோடு திரும்பி வருவார். எடை தாங்காத ஓரத்தில் இருக்கும் சிறு துண்டாக இருந்தால் நானும் எடுத்துவிடவே சொல்லியிருப்பேன்.

எலும்பில் சிறு துளைகளிட்டு மஜ்ஜை ரத்தத்தைக் கசியவிடும் மைக்ரோஃபிராக்சர் முறையையும் அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். அமெரிக்க எலும்பு மருத்துவர் ரிச்சர்ட் ஸ்டெட்மன் 1980-களில் பரவலாக்கிய இந்த முறை எளியது, மலிவானது. ஆனால் அதில் உருவாவது நார்க் குருத்தெலும்பு. அசல் குருத்தெலும்பில், கொலாஜன் என்ற நார்ப் புரதத்தின் இரண்டாம் வகை மேலோங்கும். இதில் முதல் வகை. அதனால் அழுத்தத்தையும் உராய்வையும் அந்த அளவு தாங்காது. முக்கியமாக, அந்த முறைக்கு அடியில் கெட்டியான எலும்புத் தளம் வேண்டும். 9 மி.மீ. ஆழத்துக்கு எலும்பே நலிந்துபோன குழிக்கு அது பொருந்தாது.

நோயாளியின் செல்களை எடுத்து ஆய்வகத்தில் பெருக்கித் திரும்ப வைக்கும் முறை, சுவீடனின் கோத்தன்பர்க்கில் தொடங்கி 1994-ல் 23 நோயாளிகளின் முடிவுகளோடு வெளிவந்தது. பெரிய குழிகளுக்கு நல்ல வழி. ஆழமான குழியாக இருந்தால் முதலில் எலும்புத் தூளால் நிரப்பி, அதன் மேல் செல்கள் படிந்த சவ்வை வைக்க வேண்டும். கொடையாளரிடமிருந்து எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்த ஒரே உருளையாக எடுத்துப் பதிப்பது இன்னொரு வழி. செல்கள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதால் 4 டிகிரி செல்சியஸில் காத்து, வழக்கமாக 28 நாட்களுக்குள் வைத்துவிடுவார்கள். எங்கும் எப்போதும் கிடைக்கும் பொருள் அல்ல அது.

இவை இரண்டையும் இரண்டாம் வரிசையில் நிறுத்தினேன். நோயாளியின் சொந்தத் துண்டில் எலும்பு ஒட்டியிருக்கும்வரை, அதைத் திரும்பப் பொருத்துவதற்கு ஈடான மாற்று கிடையாது. அதன் வளைவு அந்தக் குழிக்கே உரியது. அதன் குருத்தெலும்பு பிறவிக் குருத்தெலும்பு. பொருத்தியது தோற்றாலும் மற்ற வழிகள் திறந்தே இருக்கும். துண்டை வீசிவிட்டால் இந்த வழி என்றைக்குமாக மூடிவிடும்.

அடுத்து அச்சு. இடுப்பிலிருந்து கணுக்கால்வரை நிற்க வைத்து எடுத்த நீளப் படத்தில், வலது கால் 6 டிகிரி வில்லாக வளைந்திருந்தது. இடுப்பு மையத்திலிருந்து கணுக்கால் மையத்துக்கு வரைந்த சுமைக்கோடு, முழங்காலின் அகலத்தை உள்விளிம்பிலிருந்து அளந்தால், 22 சதவீதத்தில் விழுந்தது. அதாவது நோயுற்ற கான்டைலின் மேலேயே. வளைவு கெண்டைக்கால் எலும்பின் மேல்முனையில் இருந்தது. இதைச் சரிசெய்யாமல் துண்டை மட்டும் திருகி வைத்தால், எந்தச் சுமை அதைக் கழற்றியதோ அதே சுமை ஒட்டும்போதும் இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று டிகிரி வளைவாக இருந்தால் விட்டிருப்பேன். 6 டிகிரியை விட மனம் ஒப்பவில்லை. எலும்பை வெட்டித் திருப்புவது கூடுதல் சிகிச்சை, கூடுதல் ஆபத்து என்பதை அவரிடமும் பெற்றோரிடமும் மறைக்காமல் சொன்னோம். கிருமித்தொற்று, ரத்தக்கட்டு, எலும்பு கூடாமல் போவது, மூட்டு இறுகுவது, துண்டு ஒட்டாமல் போவது என்று ஒவ்வொன்றையும் பேசிய பிறகே ஒப்புதல் பெற்றோம். ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருந்ததை முன்கூட்டியே சரிசெய்தோம்.

அறுவை சிகிச்சை

முதலில் ஆர்த்ரோஸ்கோப்பி, அதாவது சிறு துளை வழியே கேமராவை நுழைத்து மூட்டுக்குள் பார்ப்பது. படத்தில் பார்த்ததற்கும் உள்ளே இருந்ததற்கும் ஒரு வேறுபாடு இருந்தது. முன்விளிம்பில் கொக்கியை நுழைத்தால் துண்டு மூடி போலத் திறந்தது, நடுப்பள்ளத்துப் பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. எதிர்பார்த்ததுதான். ஆனால் பின்மூலையில் 8 மி.மீ. அளவுக்குக் குருத்தெலும்பு தனியாக உரிந்து நொறுங்கியிருந்தது. அதன் அடியில் எலும்பே இல்லை. வெறும் குருத்தெலும்பு எலும்பில் ஒட்டாது. ஆகவே பெரிய துண்டைப் பொருத்துவது, பின்மூலைக்கு எலும்போடு கூடிய உருளை ஒன்றை வைப்பது என்று கலப்பு முறைக்கு மாறினோம். இப்படியும் நேரலாம் என்று இரண்டுக்குமான கருவிகள் தயாராக இருந்தன. மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ் இரண்டும் நலம். மூட்டுக்குள் தனியாக மிதந்த சிறு துணுக்குகளை எடுத்தோம்.

பிறகு முழங்கால் சில்லின் உட்பக்கமாகச் சிறிய திறப்பு. ஒட்டியிருந்த விளிம்பை அப்படியே விட்டு, துண்டைப் புத்தகம் போலத் திருப்பினோம். இந்தச் சிகிச்சையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன், திருகு போடும் கட்டத்தில் அல்ல. குழியின் தரையில் வெண்மையான நார்த்திசு படிந்திருந்தது. அதற்கடியில் பளபளப்பாக இறுகிய, ரத்தமில்லாத எலும்பு. இந்த இரண்டும் இருக்கும்வரை எத்தனை திருகு போட்டாலும் துண்டு கூடாது. நார்த்திசுவைக் கரண்டிக் கருவியால் முழுக்கச் சுரண்டி, இறுகிய எலும்பில் 1.6 மி.மீ. கம்பியால் நெருக்கமாகத் துளையிட்டோம். ரத்த ஓட்டத்தை நிறுத்தத் தொடையில் கட்டிய டூர்னிக்கேயைச் சிறிது நேரம் தளர்த்தி, ஒவ்வொரு துளையிலும் ரத்தம் கசிவதைப் பார்த்துக்கொண்டோம். துண்டின் அடிப்பக்க எலும்பையும், 4 மி.மீ. தடிமன் இருந்தது, மெல்லச் சுரண்டிப் புதுப்பித்தோம். சுரண்டியதால் குழி ஆழமாகிவிடும். அப்படியே மூடினால் துண்டு அமிழ்ந்து படியாக நிற்கும். அதனால் இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து எடுத்த பஞ்செலும்பைத் தரையில் அழுத்தி நிரப்பி, துண்டு சுற்றுப்புறத்தோடு சமமாக உட்காரும் வரை அளவைக் கூட்டிக் குறைத்தோம். அதிக நேரம் இதற்குத்தான் போனது.

துண்டை இரண்டு தலையில்லாத அழுத்தத் திருகுகளால் பிடித்தோம். திருகின் மேல்முனை குருத்தெலும்பின் பரப்புக்கு 2 மி.மீ. கீழே. கரையும் பொருளால் ஆன திருகுகளும் உண்டு, அவற்றைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. ஆனால் அழுத்தம் குறைவு, முறிவதும் சுற்றிலும் நீர்ப்பை உருவாவதும் நேர்கின்றன. உலோகத் திருகை எடுக்க மறுபடி உள்ளே போக வேண்டியிருப்பதை நான் குறையாகப் பார்ப்பதில்லை. துண்டு ஒட்டியதா என்பதைக் கொக்கியால் தொட்டுப் பார்க்க அதுவே வாய்ப்பு.

பின்மூலைக்கு மொசைக்பிளாஸ்டி. ஹங்கேரியின் லாஸ்லோ ஹாங்கோடி 1992 முதல் செய்துவந்த இந்த முறையில், சுமை குறைந்த ஓரத்திலிருந்து குருத்தெலும்பும் எலும்பும் சேர்ந்த உருளையை எடுத்துக் குழியில் இறக்க வேண்டும். சில்லு ஓடும் பள்ளத்தின் மேல்வெளி ஓரத்திலிருந்து 8 மி.மீ. விட்டம், 15 மி.மீ. நீளத்தில் ஒரே ஓர் உருளை எடுத்தோம். எடுப்பதும் வைப்பதும் பரப்புக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். சாய்ந்தால் ஒரு விளிம்பு எழும்பி நிற்கும். 1 மி.மீ. எழும்பினாலே அந்த இடத்தில் அழுத்தம் பெருமளவு கூடும். சற்று அமிழ்ந்தால் மூட்டு பொறுத்துக்கொள்ளும். அந்த உருளை நலிந்த தரையைத் தாண்டி ஆரோக்கியமான எலும்புக்குள் இறங்கியதால், பக்கத்துத் துண்டுக்கும் ஒரு முளையாகத் துணை நின்றது.

அச்சைச் சரிசெய்யக் கெண்டைக்கால் எலும்பை வெட்டுவதைக் கடைசியில் வைத்தோம். உருளையை இறக்க முழங்காலை ஆழமாக மடக்கவும் தட்டவும் வேண்டியிருக்கும். எலும்பை முதலில் வெட்டி உலோகத் தகடான பிளேட்டை வைத்திருந்தால் அதன் பிடிமானம் பாதிக்கப்படலாம். உட்பக்கத்திலிருந்து வெட்டி, வெளிப்பக்க எலும்பின் ஓட்டுப் பகுதியைக் கீல் போல முறியாமல் காத்து, 6 மி.மீ. அளவுக்குத் திறந்து, பூட்டும் திருகுகள் கொண்ட பிளேட்டால் நிறுத்தினோம். தேய்மான நோயாளிகளுக்குச் சுமைக்கோட்டை 62 சதவீதம்வரை வெளியே தள்ளுவது வழக்கம். இளைஞருக்கு அப்படிச் செய்தால் நல்ல நிலையில் இருக்கும் வெளிப்பகுதிக்குச் சுமை போய்விடும். 50 சதவீதத்தில் நிறுத்தினோம்.

பிந்தைய மாதங்கள்

முதல் ஆறு வாரம் கால் நுனியைத் தரையில் தொடலாம், எடை வைக்கக் கூடாது. பிளேட்டைப் பொறுத்தவரை முன்னதாகவே எடை வைத்திருக்கலாம், துண்டுக்காகவே காத்திருந்தோம். ஆனால் அசைவு முதல் நாளிலிருந்தே வேண்டும். அசையும் மூட்டில்தான் நீர் சுழன்று குருத்தெலும்புக்கு ஊட்டம் போகிறது. கனடாவின் எலும்பு மருத்துவர் ராபர்ட் சால்ட்டர் முன்வைத்த, காலைத் தானாக மடக்கி நீட்டும் தொடர் அசைவு இயந்திரத்தில் நாளுக்கு ஆறு மணி நேரம், 40 டிகிரியில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டினோம். ஆறாம் வார முடிவில் 120 டிகிரி மடங்கியது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து கொடுத்தோம்.

தொடைத் தசைதான் பிடிவாதம் பிடித்தது. அறுவைக்கு முன்பே மெலிந்திருந்த தசை நீர்க்கோர்வையால் மேலும் அடங்கிப்போனது. மூன்றாம் வாரம் கடந்தும் காலை நேராகத் தூக்க முடியவில்லை. மின்தூண்டல், வீக்கம் குறைக்கும் சிகிச்சை, தினமும் ஃபிசியோதெரபிஸ்டின் கண்காணிப்பு என்று சேர்த்த பிறகே தசை விழித்தது. இந்த நோயாளியின் முடிவில் அந்த ஃபிசியோதெரபிஸ்டின் பங்கு எங்கள் பங்குக்குக் குறைந்ததல்ல.

12-ஆம் வாரம் சி.டி. படத்தில் துண்டுக்கும் தரைக்கும் நடுவே எலும்புப் பாலங்கள் தெரிந்தன. ஆர்த்ரோஸ்கோப்பி மூலம் திருகுகளை எடுத்தோம். துண்டைக் கொக்கியால் அழுத்தினால் அசையவில்லை, சுற்றுப்புறத்தின் அதே உறுதி. உருளை சமமாக நின்றது. எடுத்த இடத்தில் நார்த்திசு மூடத் தொடங்கியிருந்தது. உருளைக்கும் துண்டுக்கும் இடையில் ஒரு மி.மீ.க்கும் குறைவான கோடு இருந்தது. குருத்தெலும்பு குருத்தெலும்போடு அரிதாகவே இணையும் என்பதால் அது எதிர்பார்த்ததே. அடியில் எலும்பு கூடியிருந்தால் அந்தக் கோட்டை நோண்டாமல் விட்டுவிட வேண்டும்.

அதன் பிறகு எடை படிப்படியாக. ஆறாம் மாத எம்.ஆர்.ஐ.யில் நீர்க்கோடும் நீர்ப்பைகளும் மறைந்திருந்தன. ஒன்பதாம் மாதம் நேர்கோட்டில் மெல்லோட்டம். ஆட்டத்துக்குத் திரும்ப நாள்காட்டியைப் பார்க்கவில்லை. வலது தொடையின் பலம் இடதின் 90 சதவீதத்தை எட்ட வேண்டும், குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே சாயக் கூடாது, பயிற்சிக்கு மறுநாள் வீக்கம் வரக் கூடாது. இவை மூன்றும் கூடிவர 14 மாதங்கள் ஆயின. அவருக்குப் பொறுமை போதவில்லை, சில சந்திப்புகளில் வெளிப்படையாகவே கோபப்பட்டார். ஆனாலும் விதிமுறையை மீறவில்லை.

பிளேட் தோலுக்கடியில் உறுத்தியதால் 18-ஆம் மாதம் எடுத்தோம். இரண்டு ஆண்டு முடிவில் வீக்கமோ மூட்டு சிக்கிக்கொள்வதோ இல்லை, முழங்கால் முழுதாக நீள்கிறது, 135 டிகிரி மடங்குகிறது. முழங்கால் செயல்திறனை அளக்கும் ஐ.கே.டி.சி. மதிப்பெண் நூற்றுக்கு 44-லிருந்து 86 ஆகியிருக்கிறது. நீளப் படத்தில் சுமைக்கோடு 49 சதவீதத்தில். வாரம் இருமுறை கால்பந்து ஆடுகிறார். உருளை எடுத்த இடத்தில், படியிறங்கும்போதும் நெடுநேரம் குந்தி எழும்போதும், லேசான வலி இன்னும் இருக்கிறது. அது போகும் என்று அவருக்கு நான் வாக்களிக்கவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை நீளப் படமும், துண்டின் விளிம்பைப் பார்க்க எம்.ஆர்.ஐ.யும் எடுக்கவும், இடது முழங்கால் எப்போது வீங்கினாலும் காத்திராமல் வரவும் சொல்லியிருக்கிறேன்.